செவிலியர் கிளம்பிய பிறகு: இறுதிக்காலப் பராமரிப்பும் துக்கமும் பொதுச் சுகாதாரமும்

சாகும் தறுவாயில் இருப்பவரைப் பார்த்துக்கொள்வதும் அவர் போன பிறகு வீட்டார் துக்கப்படுவதும் குடும்பத்துக்குள் நடக்கிற விஷயம், இதில் பொதுச் சுகாதாரத் துறைக்கு என்ன வேலை, மாவட்ட மருத்துவமனைதோறும் இதற்கென ஒரு தனி வார்டு திறந்துவிட்டால் போதாதா என்பது கேள்வி. பத்தாண்டுகளுக்கும் மேலாக வீட்டுக்குச் சென்று பராமரிக்கும் குழுக்களோடு போய்வருகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். வார்டு வேண்டும், ஆனால் வார்டு மட்டும் போதாது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. நன்றாக நடக்கிற ஒரு குழுவின் செவிலியர், வாரம் ஒரு முறை வந்து நோயாளியின் பக்கத்தில் ஒரு மணி நேரம் முழுதாக உட்கார்ந்திருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு மிச்சமிருக்கும் 167 மணி நேரமும் மனைவியுடையது, மருமகளுடையது, வேலைக்குப் போகாமல் நின்றுவிட்ட மகனுடையது. நள்ளிரவில் மூச்சு வாங்கும்போது மாத்திரையைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று தவிப்பவர்கள் அவர்கள்தாம். இந்த 167 மணி நேரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத திட்டம், எவ்வளவு நல்ல வார்டைக் கட்டினாலும், நோயாளியின் வாழ்க்கையில் மிகச் சிறிய ஓரத்தை மட்டுமே தொடுகிறது.

இந்த இடத்திலிருந்துதான் பொதுச் சுகாதார அணுகுமுறை தொடங்குகிறது. 1986ஆம் ஆண்டு கனடாவின் ஒட்டாவா நகரில் உருவான சாசனம், உடல்நலம் என்பது மருத்துவமனையில் உற்பத்தியாகும் பொருளல்ல, மக்கள் வாழும் இடத்திலும் வேலை செய்யும் இடத்திலும் உருவாவது என்ற எண்ணத்தை உலக அளவில் நிலைநிறுத்தியது. ஆலன் கெல்லஹியர் என்ற சமூகவியலாளர், ஆஸ்திரேலியாவில் பணியாற்றியபோது, 1999இல் அதே எண்ணத்தை மரணத்தின் பக்கம் திருப்பினார். அம்மையைத் தடுப்பதிலும் புகைப்பழக்கத்தைக் குறைப்பதிலும் ஊரைக் கூட்டாளியாக்குகிற நாம், இறப்பு என்றதும் மட்டும் ஏன் அதை முழுக்க நிபுணர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறோம் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. அதற்கும் முன்பே, 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் என்ற இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், நோயாளியின் வலி உடலோடு நிற்பதில்லை, மனதையும் உறவையும் பணக்கவலையையும் நம்பிக்கையையும் சேர்த்தே அது வலிக்கிறது என்று சொல்லியிருந்தார். சாண்டர்ஸ் சொன்னதை ஓர் இல்லத்துக்குள் நிறைவேற்ற முடியும். கெல்லஹியர் சொன்னதை ஓர் ஊரில்தான் நிறைவேற்ற முடியும்.

பிரச்சினையின் அளவைச் சொல்லிவிடுகிறேன். உலகில் ஆண்டுதோறும் 5 கோடியே 68 லட்சம் பேருக்கு வலியையும் அவதியையும் தணிக்கும் இத்தகைய பராமரிப்பு தேவைப்படுவதாகவும், அவர்களில் சுமார் 14 விழுக்காட்டினருக்கே அது கிடைப்பதாகவும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதில் வலி நிவாரணம் தனிக் கதை. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் ஓராண்டில் வழங்கப்பட்ட மார்பினுக்கு இணையான வலிமருந்துகள் 298.5 டன், அதில் மிக ஏழை நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது 0.1 டன், அதாவது வெறும் நூறு கிலோ. மார்பின் காப்புரிமையால் விலையேறிய மருந்தல்ல. மிக மலிவாகத் தயாரிக்கக்கூடிய பழைய மருந்து. அதைத் தடுத்து வைத்திருப்பது பயமும் சட்டமும்தான்.

இந்தியாவின் கதை இதற்கு நல்ல சான்று. மார்பின் எடுக்கப்படும் அபினிச் செடியைச் சட்டப்படி பயிரிட்டு உலகச் சந்தைக்கு அனுப்பிவரும் நாடு இது. ஆனால் 1985இல் வந்த போதைமருந்துத் தடுப்புச் சட்டம் மருத்துவத் தேவைக்கான மார்பினையும் அதே வலைக்குள் சிக்க வைத்தது. ஒன்றன்பின் ஒன்றாக உரிமங்கள் வாங்க வேண்டும்; ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும்; கணக்கில் சின்னப் பிழை வந்தாலும் சிறைத்தண்டனை. மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் வம்பே வேண்டாமென்று மார்பினைக் கைவிட, அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டில் அதன் மருத்துவப் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கும் மேல் வீழ்ந்தது. ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்பின் மாத்திரையைக் கையால் தொடாமலே படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். 2014இல் திருத்தம் வந்து விதிகள் எளிதாயின. சட்டம் மாறிவிட்டது, பயம் மாறவில்லை என்பதைப் பல ஊர்களில் இன்றும் பார்க்கிறேன். வலி தீராத வீட்டில் போய் மனஆறுதல், குடும்ப ஆதரவு, சமூகப் பங்கேற்பு என்றெல்லாம் பேசுவது வீண். முதலில் மாத்திரை, மற்றதெல்லாம் அதன் பிறகுதான்.

மாத்திரையையும் ஊரையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டிய இடம் வட கேரளம். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகியோரும் நண்பர்களும் வலி மற்றும் சாந்துவனச் சிகிச்சைக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். (நோயின் அவதியைத் தணிக்கும் இந்தச் சிகிச்சையை மலையாளத்தில் ‘சாந்த்வன பரிசரணம்’ என்கிறார்கள். நாம் ஆதரவுச் சிகிச்சை, தணிப்புச் சிகிச்சை என்று ஆளுக்கொரு சொல்லை வைத்துக்கொண்டு, கடைசியில் எல்லோரும் பாலியேட்டிவ் என்றே சொல்லிவிடுகிறோம்.) தொடக்கத்தில் அது வெளிநோயாளிப் பிரிவாகத்தான் இருந்தது. எலும்புக்குப் புற்றுநோய் பரவியவர், வலியைக் குறைக்கும் மருந்து வாங்குவதற்காக, வலியோடு பல மணி நேரம் ஜீப்பிலும் பேருந்திலும் குலுங்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. அடுத்து வேறு ஊர்களில் கிளை மையங்கள் திறக்கப்பட்டன. அங்கும் எழுந்து வர முடிந்தவர்களே வந்தார்கள். படுக்கையோடு படுக்கையாகக் கிடப்பவர்கள் எந்தப் பதிவேட்டிலும் வரவில்லை.

மருத்துவமனையை நோயாளிக்குப் பக்கத்தில் நகர்த்துவது போதாது, பொறுப்பையே ஊரிடம் நகர்த்த வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தது அதன் பிறகுதான். மலப்புறம் மாவட்டத்தில் 1990களின் இறுதியிலும் 2000த்தின் தொடக்கத்திலும் உருவான அண்டைவீட்டார் வலையமைப்பின் விதி எளிமையானது: வாரத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் கொடுக்க முன்வருகிற எவரும் சேரலாம், அவர்களுக்கு 16 மணி நேர வகுப்பு, அதன்பின் நான்கு நாள் குழுவோடு வீடுகளுக்குப் போய்க் கற்றுக்கொள்ளும் பயிற்சி. அதன்பிறகு அவர்கள் தங்கள் பகுதியில் படுக்கையில் கிடப்பவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள், அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று விசாரிக்கிறார்கள், மருத்துவம் தேவைப்படும் இடத்தில் செவிலியரையும் மருத்துவரையும் கூப்பிடுகிறார்கள். பணத்தின் பெரும்பகுதி கடை உண்டியல், சில்லறை நன்கொடை என்று ஊருக்குள்ளிருந்தே வந்தது. பொதுவாக மருத்துவர் கூப்பிட்டால் தன்னார்வலர் வருவார். இங்கே தன்னார்வலர் கூப்பிட்டால் மருத்துவர் வருகிறார். வரிசை மாறியதுதான் இதன் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன்.

2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. இந்திய மாநிலங்களில் அதுவே முதல். பஞ்சாயத்துகள் பயிற்சி பெற்ற செவிலியரை நியமித்து வீட்டுக்கே அனுப்பும் ஏற்பாட்டை அக்கொள்கை பரவலாக்கியது. மரணத்தின் மதிப்பைப் பற்றி லான்செட் அமைத்த இன்னோர் ஆணையம் 2022இல் அறிக்கை வெளியிட்டபோது, தான் கற்பனை செய்யும் மாற்றத்துக்கு நெருங்கிய உதாரணமாகக் காட்டியது கேரளத்தைத்தான்.

ஊரும் மருந்தும் எப்படி ஒன்றுக்கொன்று தேவைப்படுகின்றன என்பதை நான் முழுதாகப் புரிந்துகொண்டது தமிழ்நாட்டின் தென்மாவட்டம் ஒன்றில், ஒரே ஒரு வீட்டில். கன்னத்தில் புற்றுநோய் வந்து வெளியே புண்ணாக வெடித்திருந்த பெரியவர் ஒருவரை, வாடை தாங்காமல், பின்கட்டில் மாட்டுத்தொழுவத்தை ஒட்டிய அறைக்கு மாற்றியிருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டு நிலைப்படியில் வைக்கப்படும். அவரே எழுந்து வந்து எடுத்துக்கொள்வார். வீட்டாரைக் கொடுமைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அறைக்குள் எங்களுக்கே இரண்டு நிமிடம் நிற்க முடியவில்லை. எங்கள் செவிலியர், வாடையை உண்டாக்கும் கிருமிகளைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரைகளை இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பொடியாக்கி, புண்ணை உப்புநீரால் கழுவி, பொடியைத் தூவிக் கட்டுப் போட்டார். மருமகளை அருகில் உட்கார வைத்து மறுநாள் அவர் கையாலேயே செய்ய வைத்தார். வலிக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் மார்பின், கூடவே மலச்சிக்கல் வராமலிருக்க மாத்திரை. தெருமுனையில் தேநீர்க்கடை வைத்திருந்த தன்னார்வலர் காலையும் மாலையும் எட்டிப் பார்த்து, கட்டு மாற்றியாயிற்றா என்று கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் நாங்கள் போனபோது கட்டில் முன்பக்கத் திண்ணைக்கு வந்திருந்தது. பேரன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து செல்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். “இப்பப் போறவன் வர்றவன் எல்லாம் ‘என்ன மாமா’ன்னு கேட்டுட்டுப் போறான் தம்பி” என்றார் பெரியவர்.

சில ரூபாய் மாத்திரை வாடையைத்தான் போக்கியது. ஆனால் ஊர் அவரிடம் திரும்பி வந்ததற்கு அதுவே வழியாயிற்று. மாத்திரை இல்லாமல் ஊர் வந்திருக்காது. மருமகளும் தேநீர்க்கடைக்காரரும் இல்லாவிட்டால் மாத்திரை மூன்றாம் நாளே நின்றிருக்கும். இதை இத்தனை விரிவாகச் சொல்வதற்குக் காரணம், சமூகப் பங்கேற்பு என்பதைக் கேட்டவுடன் ஒரு சாரார் அரசு செலவைக் குறைக்கும் உத்தி என்று சந்தேகிப்பதும், மறுசாரார் நிபுணர்களே தேவையில்லை என்று புறப்படுவதும்தான். முதல் சந்தேகம் நியாயமானது என்றே சொல்வேன். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அரசு சொன்னால், நடைமுறையில் அது அந்த வீட்டுப் பெண்ணிடம் சொல்வதாகத்தான் முடிகிறது. கூலி வேலையை விட்டு நிற்கும் அந்தப் பெண்ணின் வருமான இழப்பையும் இடுப்பு வலியையும் எந்தத் திட்டமும் கணக்கில் எடுப்பதில்லை. சம்பளம் வாங்கும் செவிலியரும் தடையில்லாத மருந்தும் பின்னால் நிற்கும்போதுதான் தன்னார்வம் தாங்கும். இல்லையென்றால் ஆறு மாதத்தில் எல்லோரும் களைத்துப் போவார்கள்.

கேரளத்தை அப்படியே பெயர்த்து நட முடியுமா என்றும் அடிக்கடி கேட்கப்படுகிறது. முடியாது. நெருக்கமாக அமைந்த வீடுகள், வளைகுடாப் பணம், பள்ளிவாசல் குழுக்களும் வாசகசாலைகளும் கட்சிக் கிளைகளும் ஏற்கெனவே பின்னியிருந்த பொதுவாழ்க்கை, 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்துக்குப் பிறகு பஞ்சாயத்துகளின் கைக்கு வந்த நிதி ஆகியவையெல்லாம் மலப்புறத்துக்கு அமைந்தவை. தமிழ்நாட்டுக்கு அமைந்தது வேறு: வலுவான ஆரம்பச் சுகாதார நிலைய வலையமைப்பு, மகளிர் சுயஉதவிக் குழுக்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், சுயஉதவிக் குழுப் பெண்களைத் தன்னார்வலர்களாகக் கொண்டு நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுபோவதோடு, படுக்கையில் கிடப்பவர்களுக்கான ஆதரவுச் சிகிச்சையையும் இயன்முறைச் சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டது. இது நல்ல தொடக்கம். கேரளத்தோடு ஒப்பிட்டால், இங்கே உத்தரவு மேலிருந்து வருகிறது, கேள்வி கீழிருந்து இன்னும் எழவில்லை. தன் ஊரில் எத்தனை பேர் படுக்கையில் கிடக்கிறார்கள் என்ற எண்ணிக்கையைக் கிராமசபையில் யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை.

இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் உள்ள ஃப்ரோம் என்ற சிறு நகரத்தையும் உதாரணமாகச் சொல்வார்கள். மருத்துவரின் குழுவும் ஊரின் உதவி அமைப்புகளும் சேர்ந்து, தனித்து நலிந்திருப்பவர்களை அக்கம்பக்கத்தோடு இணைத்தன. அங்கே அவசர மருத்துவமனைச் சேர்க்கைகள் 2013க்கும் 2017க்கும் இடையில் 14 விழுக்காடு குறைந்தன, மற்ற பகுதிகளில் கூடின என்பது அவர்களின் கணக்கு. ஓர் ஊரின் எண்ணிக்கையை வைத்துப் பெரிய முடிவுக்கு வருவதில் எனக்குத் தயக்கம் உண்டு. கடைசி நாட்களில் நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக்கொண்டே போவதா என்ற கேள்விக்குச் சட்டம் தரும் பதிலையும் இங்கேயே சொல்லிவிடலாம். 2018 மார்ச் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம், தீராத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை வேண்டாமென்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கி, நீதித்துறை நடுவரின் கையொப்பத்துக்குப் பதிலாக நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் சான்று போதும் என்றது. இதைப் பற்றி வீட்டில் பேசிவைப்பது, பத்திரத்தில் எழுதுவதைவிட முக்கியம்.

இனி துக்கம். கேள்வியின் இந்தப் பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் கேரளமும் இதில் பாதி வழிதான் வந்திருக்கிறது. துக்கத்தில் பொதுச் சுகாதாரத்துக்கு என்ன வேலை என்பதற்கு ஓர் பழைய ஆய்வே பதில். 1969இல் பிரிட்டனில் வெளியான அந்த ஆய்வு, மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தது. முதல் ஆறு மாதத்தில் அவர்களில் 213 பேர் இறந்தார்கள். அதே வயதுடைய, மனைவி உயிரோடிருக்கும் ஆண்களிடம் எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட இது 40 விழுக்காடு அதிகம், அதிலும் இதயநோய் இறப்புகளே முன்னின்றன. “அவள் போனாள், ஆறே மாதத்தில் அவரும் போய்விட்டார்” என்று நம் ஊரில் சொல்வது வெறும் பேச்சல்ல என்று தெரிகிறது. ஓர் இறப்பு இன்னோர் இறப்பின் ஆபத்தைக் கூட்டுகிறது என்றால், அது சுகாதாரத் துறையின் கணக்கில் வர வேண்டிய விஷயம்தான்.

அதற்காகத் துக்கப்படும் எல்லோருக்கும் மனநல ஆலோசகர் தேவை என்று பொருளில்லை. ஆஸ்திரேலியாவில் சமர் அவுன் என்பவரும் குழுவினரும் இறுதிச் சடங்கு நிறுவனங்கள் வழியாக இழப்புற்றோரை அணுகி 2015இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 58 விழுக்காட்டினர் குறைந்த ஆபத்திலும், 35 விழுக்காட்டினர் நடுத்தர ஆபத்திலும், 6 விழுக்காட்டினர் மட்டுமே சிக்கலான துக்கத்தின் உயர் ஆபத்திலும் இருந்தார்கள். பெரும்பாலோருக்கு ஆதரவாக நின்றவர்கள் குடும்பத்தாரும் நண்பர்களும் சடங்கு நடத்தியவர்களுமே. உலகச் சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல், ஆறு மாதங்களுக்கு மேலும் அன்றாட வாழ்க்கையை முடக்கிப்போடும் துக்கத்தை நீடித்த துக்கக் கோளாறு என்று வகைப்படுத்துகிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022இல் பெரியவர்களுக்கு ஓராண்டு என்று வரம்பு வைத்தது. அழுகையை நோயாக்குகிறார்கள் என்ற கண்டனமும் உடனே எழுந்தது. இரண்டிலும் உண்மை உண்டு. பொதுச் சுகாதார அணுகுமுறை இதை அடுக்குகளாகப் பார்க்கிறது: அடியடுக்கில் இருக்கும் எல்லோருக்கும் ஊர், நடுவில் இருப்பவர்களுக்குப் பயிற்சி பெற்ற தன்னார்வலரும் குழுவும், மேலடுக்கில் இருக்கும் சிலருக்கு மட்டும் நிபுணர்.

அந்த அடியடுக்கு நம்மிடம் இல்லாததல்ல. சாவு வீட்டில் அடுப்பு மூட்டாமல் உறவினர்களும் சம்பந்தி வீட்டாரும் சோறு கொண்டுவருவது, கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பது, கேதம் கேட்க வருவது, பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லோரும் கூடுவது எல்லாம் அதன் வடிவங்கள். இலங்கைத் தமிழர்களிடம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு உண்டு. அங்கே ஊர்களில் சந்தா கட்டி நடத்தும் மரண உதவிச் சங்கங்களும் உண்டு. ஆனால் இவற்றைப் போற்றிப் பேசி நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. கணவனை இழந்தவளின் பொட்டையும் பூவையும் பறித்து மூலையில் உட்கார வைத்த சடங்கும் இதே பட்டியலில்தான் இருக்கிறது. தற்கொலையில் பிள்ளையை இழந்தவர்களிடம் ஊர் வாய்திறப்பதில்லை. துணையின் வீட்டார் விரட்டிவிட்டதால் துணையின் உடலருகே நிற்கவும் முடியாதவர்களுக்கு எந்தச் சடங்கும் இல்லை. இவையும் போக, பதினாறாம் நாள் பந்தல் பிரித்த மறுநாள் எல்லோரும் பேருந்து ஏறிவிடுகிறார்கள். உண்மையான தனிமை தொடங்குவது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு நம் வழக்கத்தில் வருஷத் திதி வரை பெரிதாக எதுவும் இல்லை.

நான் மேலே சொன்ன பெரியவர் இரண்டு மாதத்தில் இறந்தார். நாற்பது நாள் கழித்து, நாங்கள் கொடுத்திருந்த காற்று மெத்தையைத் திருப்பி எடுக்கப் போனோம். அடுத்த நோயாளிக்கு அது தேவைப்பட்டது. துக்கம் விசாரிப்பது எங்கள் திட்டத்தில் இல்லை. அவருடைய மனைவி மெத்தையை ஏற்கெனவே துடைத்து மடித்து வைத்திருந்தார். நாங்கள் எழுந்தபோது, ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தார்: இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம். சான்றிதழில் கணவரின் பெயர் ஒரு விதமாகவும் ஆதாரில் இன்னொரு விதமாகவும் இருந்தது. அதனால் வாரிசுச் சான்றிதழ் நின்றது. அதனால் விதவை ஓய்வூதிய விண்ணப்பமும் நின்றது. மூன்று தடவை போய் வந்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் நூறு நாள் வேலைத் திட்டத்தின் அன்றைய கூலி போயிற்று. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தவர், பாதியில் நிறுத்தி, ராத்திரி நாலு மணிக்கு மாத்திரை கொடுக்க இப்போதும் விழிப்பு வந்துவிடுகிறது என்றார். அதன்பின் அரை மணி நேரம் நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.

எங்கள் பதிவேட்டில் நோயாளி இறந்ததும் சிவப்பு மையில் தேதி எழுதிப் பக்கத்தை முடித்துவிடுவது வழக்கம். அந்த நாளுக்குப் பிறகு, தேதிக்குக் கீழே மூன்று கட்டம் போடச் சொன்னேன்: ஒரு மாதம், மூன்று மாதம், ஓராண்டு. முதல் கட்டத்தில் மெத்தையை எடுக்கப் போகும் நாளும் ஆவணங்களின் நிலையும் எழுதப்படும். இரண்டாவதில் தூக்கம், சாப்பாடு, வேலைக்குப் போகிறாரா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்பவை. மூன்றாவதில், தேவைப்பட்டால், மாவட்ட மனநலக் குழுவுக்கு அனுப்பிய விவரம். ஒரு பஞ்சாயத்துச் செவிலியரின் பதிவேட்டில் இதைச் சேர்க்கப் புதிய நிதியோ புதிய பணியிடமோ தேவையில்லை. மெத்தையை எடுத்து வர எப்படியும் ஒருவர் போகத்தான் போகிறார். அவர் கூடவே ஒரு தன்னார்வலரையும் அனுப்பி, உட்கார்ந்துவிட்டு வரச் சொல்வதுதான் பாக்கி.